டிராப்பா ஸ்கீட்டா: எந்த சோக் போடுவது?

டிராப்பும் ஸ்கீட்டும் எந்திரம் எறிகிற தட்டை ரவைத் துப்பாக்கியால் உடைக்கிற போட்டிகள், டிராப்பில் தட்டு நம்மைவிட்டு விலகி ஓடும், ஸ்கீட்டில் குறுக்கே பறக்கும். துப்பாக்கிக் குழல் முனையில் இருக்கும் குறுக்கம்தான் சோக். அதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தட்டை எத்தனை மீட்டரில் உடைக்கிறீர்கள்? பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. துப்பாக்கி என்ன கம்பெனி, என்ன விலை, கூட என்னென்ன சோக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும், உடைக்கிற தூரம் மட்டும் இருக்காது. அது தெரியாமல் சோக் அளவு அரையா முக்காலா ஃபுல்லா என்று பேசிக்கொண்டிருப்பது வெட்டிப் பேச்சு.

நம்ம பக்கத்தில், அதாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கத்தில், கிளே, அதாவது இந்தத் தட்டு, சுடுவதற்கு வருகிறவர்கள் எனக்குத் தெரிந்தவரை இரண்டு வகை. வீட்டில் தாத்தா காலத்து லைசென்ஸும் பயிர்க் காவலுக்கு வாங்கிய 12 போர் இரட்டைக்குழலும் இருக்கிறவர்கள் ஒரு வகை. டிவியில் ஒலிம்பிக் பார்த்து ஆசை வந்தவர்கள் இன்னொரு வகை. பாரிஸ் 2024-ல் நம்ம தமிழ்நாட்டு பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் சுட்டபோது நிறையப் பேர் இந்தப் பேச்சை எடுத்தார்கள். காட்டில் போய்ச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை, அதனால் ரேஞ்சுக்குப் போய்த் தட்டு உடைப்பதுதான் இருக்கிற ஒரே நேர் வழி. நானும் பயிற்சிக்கு வெளியூர்தான் போகிறேன். போக வரச் செலவு, கேட்ரிட்ஜ் விலை எல்லாம் பார்த்தால் ஒவ்வொரு ரவுண்டும் கணக்குப் பார்த்துச் சுட வேண்டிய நிலைமை. சோக்கில் வாரத்துக்கு ஒரு சோதனை செய்துகொண்டிருக்க முடியாது, ஒரு முறை யோசித்து முடிவெடுத்து அதோடு இருந்துவிட வேண்டும்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை ஓரம் கட்டிவிடலாம். போன முறை ரேஞ்சில் பாலக்கோட்டுத் தம்பி ஒருவன், "அண்ணா, ஃபுல் சோக் போட்டா குண்டு இன்னும் தூரமாப் போகுமில்ல?" என்று கேட்டான். இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் வாயை விரலால் அமுக்குவது. அது பாதிதான் சரி. ஓஸை அமுக்கினால் தண்ணீர் வேகமெடுத்துத் தூரம் பாயும், சோக் அப்படி எதுவும் செய்யாது. கேட்ரிட்ஜிலிருந்து கிளம்பும் சின்னச் சின்ன ஈய ரவைகளின் வேகம் ஏறக்குறைய அதேதான், அவை போய் விழுகிற தூரமும் அதேதான். மாறுவது ஒன்றே ஒன்று, ரவைக் கூட்டம் எவ்வளவு சீக்கிரம் விரிகிறது என்பது. ஃபுல் சோக்கில் கூட்டம் கொஞ்சம் தாமதமாக விரியும், அதனால் தூரத்திலும் நெருக்கமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அளவுகள் நினைவில் வைப்பதற்கு ரொம்ப லேசு. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். குழல் முனையில் அது எவ்வளவு குறுகுகிறதோ அதுதான் சோக். கால் சோக் என்றால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், அரை சோக் அரை மில்லிமீட்டர், முக்கால் சோக் முக்கால், ஃபுல் சோக் ஒரு மில்லிமீட்டர். சிலிண்டர் என்றால் குறுக்கமே கிடையாது. ஸ்கீட் என்று எழுதியிருக்கும் சோக் 0.13 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சிலிண்டர்தான். இவ்வளவு சின்ன வித்தியாசம் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று தோன்றலாம். 40 கெஜத்தில், அதாவது 36.5 மீட்டரில், 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவை விழுகிறது என்று பார்ப்பதுதான் பழைய வழக்கம். சிலிண்டரில் 40, கால் சோக்கில் 55, அரையில் 60, முக்காலில் 65, ஃபுல்லில் 70. சிலிண்டருக்கும் ஃபுல்லுக்கும் நடுவில் வட்டத்துக்குள் விழும் ரவை முக்கால் பங்கு கூடிவிடுகிறது.

இந்த விழுக்காட்டைவிட எனக்கு உதவியாக இருப்பது இன்னொரு கணக்கு. நமக்கு வேண்டியது தட்டு உடைகிற இடத்தில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகல ரவை வட்டம். அதைவிடச் சின்னதாக இருந்தால் கொஞ்சம் தள்ளிக் குறி வைத்தாலும் தட்டு தப்பிக்கும், அதைவிடப் பெரிதாக இருந்தால் வட்டத்தில் ஓட்டை விழுந்து தட்டு ஓட்டை வழியாகப் போய்விடும். சிலிண்டர் குழலில் இந்த 80 சென்டிமீட்டர் 18 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அரை சோக்கில் 27 மீட்டரில், ஃபுல்லில் 32 மீட்டரில். எல்லா சோக்கும் ஒரே வட்டத்தைத்தான் தருகிறது, எங்கே தருகிறது என்பதுதான் வேறுபடுகிறது. ஆகவே தான் தூரத்தை முதலில் கேட்கிறேன்.

ஸ்கீட்டுக்கு இதை வைத்து ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஸ்கீட் மைதானம் 19.2 மீட்டர் ஆரம் கொண்ட அரைவட்டம், எந்திரம் இருக்கிற உயரமான வீட்டிலிருந்தும் தாழ்வான வீட்டிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும், எந்த நிலையத்தில் நின்றாலும் தட்டை சுமார் 20 மீட்டருக்குள் உடைத்துவிடுவோம், எட்டாவது நிலையத்தில் அது தலைக்கு மேலேயே வரும். அங்கே ஃபுல் சோக் போட்டுச் சுடுவது தனக்குத் தானே தண்டனை. 18 மீட்டரில் ஃபுல் தருகிற வட்டம் 40 சென்டிமீட்டர்தான், சிலிண்டர் வட்டத்தில் பாதி அகலம், பரப்பில் கால் பங்கு. நடுவில் பட்டால் தட்டு தூளாகிப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஸ்கோர் ஷீட்டில் தூளுக்குத் தனி மார்க் கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டு உடைந்தாலே போதும். எனவே ஸ்கீட்டுக்கு இரண்டு குழலிலும் சிலிண்டர் அல்லது ஸ்கீட் சோக். இவை இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கையில் இருப்பதைப் போடுங்கள். 9-ம் நம்பர் பொடி ரவையும் உதவிக்கு இருக்கிறது, 24 கிராமில் ஏறக்குறைய 500 ரவை, இவ்வளவு கிட்டத்தில் அது தாராளம்.

டிராப்தான் யோசிக்க வேண்டிய இடம்.

ஒலிம்பிக் டிராப்பில் சுடுகிறவர் பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால் நிற்கிறார். பள்ளத்துக்குள் தட்டு எறிகிற 15 எந்திரங்கள். கூப்பிட்டவுடன் தட்டு நம்மைவிட்டு விலகி ஓடும், இடது வலது 45 டிகிரி வரை, மொத்தம் 76 மீட்டர் போய் விழுகிற வேகத்தில். தட்டைக் கண்ணால் பிடித்து, குழலைக் கொண்டுபோய்ச் சேர்த்து, விசையை இழுப்பதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். நன்றாகச் சுடுகிறவர் முதல் குண்டில் 32-லிருந்து 35 மீட்டரில் உடைப்பார். அது தப்பி இரண்டாவது குண்டு போகிறபோது தட்டு 40 மீட்டர் பக்கம் போயிருக்கும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு குண்டு உண்டு, இறுதிச் சுற்றில் ஒன்றுதான். ஓவர் அண்டர், அதாவது குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும் துப்பாக்கியில் வழக்கமாகக் கீழ்க்குழல் முதலில் சுடும், மேல்குழல் இரண்டாவது. எனவே மேல்குழலைப் பற்றி விவாதமே இல்லை, அதற்கு ஃபுல். கீழ்க்குழலுக்கு அரையா, முக்காலா, அதுவும் ஃபுல்லா என்பதுதான் கேள்வி.

டிராப்பில் கொஞ்சம் பருமனான 7½ நம்பர் ரவை எடுத்துக்கொண்டால் 24 கிராமில் சுமார் 300 ரவை. போட்டியில் 24 கிராமுக்கு மேல் அனுமதி இல்லை. தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். விலகி ஓடுகிற தட்டு நமக்குப் பெரும்பாலும் விளிம்பைத்தான் காட்டும், மேலே ஏறுகிறபோது கொஞ்சம் வயிற்றையும் காட்டும். மோசமான நிலையில், வெறும் விளிம்பு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால் ரவைக்குக் கிடைக்கிற இலக்கு 27 சதுர சென்டிமீட்டர். 76 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 4,500 சதுர சென்டிமீட்டர். 36.5 மீட்டரில் ஃபுல் சோக் அதற்குள் 210 ரவையைப் போடுகிறது, அதாவது 21 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. தட்டுக்குச் சராசரியாக ஒன்றேகால் ரவை. அதே இடத்தில் கால் சோக் 165 ரவை போடும், தட்டுக்குச் சராசரி ஒன்று. சிலிண்டரில் அந்தச் சராசரி முக்கால் ரவைக்கும் கீழே. சராசரி ஒன்று என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று விழும் என்று அர்த்தமில்லை, சில தட்டுக்கு மூன்று விழும், சில தட்டுக்கு ஒன்றுமே விழாது. வட்டத்தின் நடுவில் ரவை நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருப்பதால் நடுவில் பிடித்தவர் பிழைத்துக்கொள்வார், ஓரத்தில் பிடித்தவர் சரியாகத்தானே சுட்டேன் என்று நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு எண்ணும் உண்டு. 35 கெஜத்தில், அதாவது 32 மீட்டரில், அரை சோக் 70 விழுக்காட்டைத் தொட்டுவிடும். அப்படியென்றால் 32 மீட்டரில் அரை சோக் செய்கிற வேலையும் 36.5 மீட்டரில் ஃபுல் சோக் செய்கிற வேலையும் ஒன்று. நாலரை மீட்டர் முன்னால் உடைக்கிறவருக்கு அரை மில்லிமீட்டர் சோக் மிச்சம். அந்த நாலரை மீட்டரைத் தட்டு கடக்க ஆகிற நேரம் கண் இமைக்கிற நேரம்தான்.

இதில் புதிதாகச் சுடுகிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். புதியவருக்குக் குறி பிசகும், ஆகவே அகல வட்டம் வேண்டும், கால் சோக் போடு என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஆனால் புதியவர் தாமதமாகவும் சுடுவார். 32-ல் உடைக்க வேண்டியதை 38, 40 மீட்டர் வரை விட்டுவிடுவார். அந்தத் தூரத்தில் கால் சோக் வட்டம் ஒரு மீட்டருக்கு மேல் விரிந்து சல்லடையாகியிருக்கும். அகலம் வேண்டும் என்று போட்ட சோக் ஓட்டையைத்தான் தரும். நேர்மாறாக, தாமதமாகச் சுடுகிறாய், ஃபுல் போடு என்றால், அவர் என்றைக்காவது ஒரு தட்டை 32-க்கும் முன்னாலேயே பிடிக்கும்போது சின்ன வட்டத்தில் தப்பவிடுவார், சீக்கிரம் சுட்டால் தப்புகிறது, பொறுத்துச் சுடுவோம் என்று கை இன்னும் தாமதத்துக்குப் பழகிவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு.

என் தீர்ப்பு: புதியவருக்குக் கீழ்க்குழலில் அரை சோக், மேல்குழலில் ஃபுல். அரை சோக் 27-லிருந்து 35 மீட்டர் வரை ஒழுங்காக வேலை செய்கிறது, சீக்கிரம் சுட்டால் பலன் தருகிறது, தாமதித்தால் உடனே தப்பவிட்டுக் காட்டிக்கொடுக்கிறது. தப்பிய தட்டுக்கு ஃபுல் இருக்கிறது. போட்டிக்குப் போகிறவர், தினசரி பயிற்சி உள்ளவர், அவருக்குக் கீழே முக்கால், மேலே ஃபுல். டிராப்புக்கென்றே செய்த துப்பாக்கிகள் பலவும் கழற்ற முடியாத முக்கால், ஃபுல் குழல்களோடுதான் வருகின்றன, அது சும்மா இல்லை. இரண்டிலும் ஃபுல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கையும் கண்ணும் வேறு. பாரிஸில் கலப்பு ஸ்கீட் வெண்கலம் நமக்கு 43-44 என்று ஒரே தட்டில் கை நழுவியது, அந்த மட்டத்தில் இருக்கிறவர்கள் கால் மில்லிமீட்டருக்குக் கவலைப்படலாம். 25-க்கு 14 அடிக்கிற நாம் அதற்குக் கவலைப்படுவது அதிகம்.

ஸ்போர்ட்டிங் கிளே என்று பல கோணங்களில் தட்டு வருகிற ஆட்டம், முயல் மாதிரி தரையில் உருண்டு ஓடுகிற தட்டு, இதெல்லாம் சுட வாய்ப்புக் கிடைத்தால் கால் சோக்கும் அரை சோக்கும் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், ஒவ்வொரு நிலையத்துக்கும் சாவியை எடுத்து சோக் மாற்றிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

சரி, கழற்றி மாற்றுகிற சோக் உள்ள துப்பாக்கியா, நிலையான சோக் உள்ளதா? டிராப் மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவர் நிலையான குழல் வாங்கலாம், முனை லேசாக இருக்கும், மரையில் கரி பிடிக்கிற தொல்லை இல்லை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சட்டச் சங்கதி குறுக்கே நிற்கிறது. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது சாதாரண லைசென்ஸ்காரர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் இருக்கிறவர்களுக்கு அது இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய இரட்டைக்குழல் லைசென்ஸில் ஏறியிருந்தால் மிச்சம் இருப்பது ஒரே இடம். அந்த ஒரு இடத்தில் டிராப்புக்கும் ஸ்கீட்டுக்கும் ஆகிற மாதிரி மாற்று சோக் துப்பாக்கியை வைப்பதுதான் புத்தி. சிலிண்டர் அல்லது ஸ்கீட் இரண்டு, அரை ஒன்று, ஃபுல் ஒன்று, ஆக நான்கு சோக் குழாய். பெட்டியில் இதற்கு மேல் வருவது போனஸ்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 12 போர் சோக் எல்லாம் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பொருந்தாது. பெரெட்டாவில் மொபில்சோக், ஆப்டிமா, ஆப்டிமா எச்பி என்று தனித்தனி, பிரவுனிங்கில் இன்வெக்டர், இன்வெக்டர் பிளஸ், இன்வெக்டர் டி.எஸ். என்று தனித்தனி. குழலில் எழுதியிருப்பதைப் பார்த்து, லைசென்ஸ் உள்ள டீலரிடம் வாங்குங்கள். பல கம்பெனிக் குழாய்களின் விளிம்பில் வெட்டுக்குறி இருக்கும், ஒரு வெட்டு என்றால் ஃபுல், வெட்டு கூடக் கூட சோக் தளர்வு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வகையைக் கையாலேயே கழற்றலாம், உள்ளே அமிழ்கிற வகைக்குச் சாவி வேண்டும். சுடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வசதிக்கு நீட்டு வகை என் ஓட்டு. எதுவானாலும் மரையில் துளி கிரீஸ் தடவி, முழுக்க இறுக்கி, ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலியென்று பார்த்துவிட்டு இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். தளர்ந்த குழாயோடு சுட்டால் குழல் முனை வீங்கிவிடும். குழாய் இல்லாமல் வெறும் மரையோடு சுடவே கூடாது.

தாத்தாவின் இரட்டைக்குழல்? அதை ஸ்கீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். பழைய துப்பாக்கிகளில் வலது குழல் தளர்வாகவும் இடது குழல் இறுக்கமாகவும் இருப்பது பொதுவான வழக்கம், வலதில் அரை, இடதில் ஃபுல் என்று இருந்தால் டிராப் பழக அதுவே போதும். ஆனால் முதலில் துப்பாக்கி தெரிந்தவரிடம் காட்டிக் குழலில் துரு, ஒடுக்கு, ஆட்டம் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள், கேட்ரிட்ஜ் நீளம் அது உட்காருகிற சேம்பருக்குச் சரிதானா என்றும் பாருங்கள்.

இங்கே ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிப்காட்டைச் சுற்றி மைக்ரான் கணக்கில் கடைகிற லேத் பட்டறைகள் இருக்கின்றன, ஒரு பீஸ் காட்டினால் சாயங்காலத்துக்குள் அச்சாக இன்னொன்று கடைந்து கொடுத்துவிடுவார்கள், அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே சிலருக்கு, சோக் குழாய் ஒன்றைக் கடைந்துகொள்ளலாமே, பழைய குழலைக் கொஞ்சம் போர் செய்து அரை சோக்காக்கலாமே என்று யோசனை ஓடும். வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கிப் பாகம் செய்வது 1959 ஆயுதச் சட்டத்தில் குற்றம், பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டுவார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குழாயின் மையம் குழலின் மையத்தோடு ஒரு முடி பிசகினாலும் ரவைக்கூட்டம் அதன் ஓரத்தில் மோதும், உலோகம் தவறினால் முனை பிளந்துகொள்ளும்.

கடைசியில், குழாயில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். சோக் என்பது குழலின் உள்விட்டத்துக்கும் முனைக்கும் உள்ள வித்தியாசம், உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி 18.3, 18.6 என்று மாறும், கேட்ரிட்ஜும் தன் பங்குக்கு மாற்றும். கெட்டியான ரவையும் பிளாஸ்டிக் கிண்ணமும் உள்ள கேட்ரிட்ஜ் நெருக்கமாகப் போடும், மெத்தென்ற ஈய ரவை நசுங்கி விலகிப் பறக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்து கொதித்த டப்பாவையும் சோதனைக்கு எடுக்காதீர்கள், தர்மபுரி வெயில் எந்த வெடிமருந்தையும் சூடேற்றிவிடும். ரேஞ்சில் அனுமதி கேட்டு, பழுப்புக் காகிதத்தை ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக ஒட்டி, நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நீங்கள் உண்மையில் தட்டு உடைக்கிற தூரத்தில் நின்று சுடுங்கள். ஒரு சோக்குக்கு ஒரு காகிதம் போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். ஓட்டைகள் அதிகம் உள்ள இடத்தை மையமாக வைத்து 38 சென்டிமீட்டர் நூலில் வட்டம் போட்டு, எண்ணிய ஒவ்வொரு ஓட்டையையும் பேனாவால் அடித்துக்கொண்டே போனால் கணக்கு தப்பாது. ஒரு கேட்ரிட்ஜைப் பிரித்து ரவையை எண்ணி வைத்துக்கொண்டால் விழுக்காடு வந்துவிடும். பிறகு தட்டின் விளிம்பு அளவுக்கு அட்டையில் 11-க்கு இரண்டரை சென்டிமீட்டர் துண்டு ஒன்று வெட்டி, வட்டத்துக்குள் அங்கங்கே வைத்துப் பாருங்கள். அட்டைக்கு அடியில் ஒரு ஓட்டைகூட இல்லாமல் போகிற இடங்கள் எத்தனை என்று பார்த்தாலே அந்த சோக் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும். இதையே 36.5 மீட்டரிலும் செய்து, அரை என்று எழுதிய குழாய் 70 விழுக்காடு காட்டினால் உங்கள் துப்பாக்கிக்கு அதுதான் ஃபுல். அதை மேல்குழலுக்கு மாற்றிவிட்டுக் கீழே கால் சோக்கைப் போட்டு, அதையும் காகிதத்தில் பாருங்கள்.